ஃபுரோஷிகியில் பரிசு கட்டுவது: அளவு, துணி, முடிச்சு, முறை

கேள்வி இது: ஒசாகாவில் இருக்கும் ஜப்பானிய நண்பருக்குக் கல்யாணம். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டியை அந்த ஊர் வழக்கப்படி துணியில் சுற்றிக் கொடுக்க ஆசை. எந்த அளவுத் துணி வேண்டும், எப்படிக் கட்டுவது, துணியைத் திரும்ப வாங்கிக்கொள்வதா கொடுத்துவிடுவதா, நம் ஊர்த் துணியில் செய்தால் சரியாக வருமா?

ஃபுரோஷிகி ஒரு சதுரத் துணி, அவ்வளவுதான். பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது, தைத்த கைப்பிடி கிடையாது. இணையத்தில் பூ மாதிரி முடிச்சு போட்ட படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இதைப் பரிசு அலங்காரம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது வளர்ந்தது முழுக்கச் சுமை தூக்குகிற வேலையில். துணியின் அளவு, நெசவு, முடிச்சு எல்லாமே அந்த வேலைக்காக அமைந்தவை. அது புரிந்தால் உங்கள் பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எளிதாகப் புரியும். அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நாரா நகரத்தில் தோதாய்ஜி கோயிலுக்குச் சொந்தமாக இருந்த ஷோசோயின் என்ற கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி வைத்த துணிகளும் அங்கே உண்டு. ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலைச் சேர்ந்த, விசிறி வடிவத் தாளில் எழுதிய ஹெய்யான் காலத்து (794–1185) பௌத்தச் சூத்திர ஏட்டில், தலையில் துணி மூட்டையோடு போகும் ஒரு பெண்ணின் ஓவியம் இருக்கிறது. அப்போதெல்லாம் இதற்கு வேறு பெயர்கள். ஃபுரோஷிகி என்ற பெயர் குளியலோடு வந்தது. ஃபுரோ என்றால் குளியல். ஷோகுன், அதாவது ராணுவ ஆட்சியாளர், அஷிகாகா யோஷிமிட்சு 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய குளியல் மாளிகைக்கு வந்த பிரபுக்கள், உடைகள் கலந்துவிடாமல் இருக்கத் தங்கள் குலச்சின்னம் போட்ட துணிகளில் அவற்றை முடிந்து வைத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. எழுத்தில் இந்தப் பெயர் வருவது பின்னாளில் ஷோகுனாக இருந்த தொகுகாவா இயேயாசு இறந்த 1616-இல், அவருடைய உடைமைகளைப் பட்டியல் போட்ட ஏட்டில்.

எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், 1591-இல் முதல் பொதுக் குளியலறை திறந்தது. அப்புறம் தெருவுக்குத் தெரு அப்படிப்பட்ட இடங்கள் வந்தன. மாற்று உடையைத் துணியில் முடிந்து எடுத்துப் போவார்கள்; குளித்து வந்து அதே துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் நின்று உடுத்திக்கொள்வார்கள். இப்படி எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு சேர்ந்துவிட்ட துணியைத்தான் வியாபாரிகள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடைப் பையன்கள் கிமோனோத் துணிச் சுருள்களைப் பெரிய ஃபுரோஷிகியில் கட்டி முதுகில் ஏற்றி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார்கள். துணியில் கடையின் சின்னம் பெரிதாக இருக்கும், போகிற வழியெல்லாம் விளம்பரம். வாடகைக்குப் புத்தகம் தருபவர்கள் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களைக் கட்டித் தூக்கிப் போவதை அந்தக் காலத்து மர அச்சு ஓவியங்களில் பார்க்கலாம். தோயாமா பகுதியின் மருந்து வியாபாரிகள் பின்னிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தத்தையும் ஒரே துணியில் கட்டிச் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். எடோவில் தீவிபத்து அடிக்கடி வரும். 1657-இல் நகரத்தின் பெரும்பகுதியே எரிந்து போனது. அதனால் படுக்கைக்கு அடியில் பெரிய ஃபுரோஷிகியை விரித்துத் தூங்குவார்கள்; மணி அடித்தால் பாத்திரம் பண்டத்தைப் படுக்கையோடு சேர்த்து நாலு மூலையையும் முடிந்துகொண்டு ஓடலாம்.

இந்தச் சுமை தூக்குகிற வேலை இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. ஜப்பானில் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் வழக்குக் கட்டுகளை ஃபுரோஷிகியில் சுற்றி நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகும் பழக்கம் உண்டு. எனக்கு ஃபுரோஷிகி பற்றி மிகவும் பிடித்த விஷயம் இது. ஒரு வழக்கின் கட்டு இரண்டு விரல் தடிமன், இன்னொன்றின் கட்டு இரண்டு முழ உயரம். எந்தப் பெட்டியும் இரண்டுக்கும் பொருந்தாது, துணி இரண்டுக்கும் பொருந்தும். ராகுகோ கதை சொல்லிகளும் மேடைக் கிமோனோவை இதில்தான் மடித்து எடுத்துப் போகிறார்கள்.

மற்றவர்கள் கையிலிருந்து இதைப் பறித்தது போருக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சியும், கடைகள் இலவசமாகக் கொடுத்த காகிதப் பைகளும் பிளாஸ்டிக் பைகளும். 2006-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் ஒரு ஃபுரோஷிகி செய்ய வைத்து, பைக்குப் பதிலாக இதை எடுத்து வாருங்கள் என்று பிரசாரம் செய்தார். எடோ காலத்து (1603–1868) ஓவியர் இதோ ஜகுச்சுவின் ஓவியத்தை அதில் அச்சிட்டிருந்தார்கள். 2020 ஜூலை 1 முதல் ஜப்பான் முழுவதும் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று வந்ததும் இளைஞர்களும் மறுபடி இதைத் தேட ஆரம்பித்தார்கள்.

சரி, அளவுக்கு வருவோம். கிமோனோவுக்கு நெய்யும் துணி சுமார் 35 செ.மீ. அகலம். பழைய நாளில் அந்தப் பட்டைகளை இணைத்துத்தான் பெரிய துணி தைத்தார்கள். அதனால் இன்றைக்கும் அளவுகள் அந்தக் கணக்கில்தான் போகின்றன: இரண்டு பட்டை என்றால் சுமார் 70 செ.மீ., மூன்று பட்டை சுமார் 105 செ.மீ., இடையில் 90 செ.மீ. ஒன்று, மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு 45 அல்லது 50 செ.மீ. படுக்கை மூட்டை கட்டும் துணி 2 மீட்டரையும் தாண்டும். கடையில் வாங்கும் நல்ல ஃபுரோஷிகியை அளந்து பார்த்தால் ஒரு பக்கம் மற்றதைவிட ஓரிரு செ.மீ. கூடுதலாக இருக்கும். அது தவறான வெட்டு என்று நினைக்க வேண்டாம், வழக்கமே அப்படித்தான். இரண்டு ஓரம் நெசவின் சொந்த ஓரம், மற்ற இரண்டு மடித்துத் தைத்தது.

பொதுவாகச் சொல்லும் விதி: பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் துணியின் மூலைவிட்டம். இது தட்டையான பொருளுக்குச் சரி. உயரம் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. 70 செ.மீ. துணியின் மூலைவிட்டம் 99 செ.மீ. உங்கள் பெட்டியை நடுவில், அதன் நீளம் மூலைவிட்டத்தோடு போகும்படி வையுங்கள். அடிப்பக்கத்துக்கு 30, இரண்டு பக்கமும் ஏற 10, 10. ஆக 50 செ.மீ. போய்விடும். மிச்சம் 49, பக்கத்துக்கு சுமார் 24. மேலே நடுவரை வர 15 செலவானால் முடிச்சுக்கு 9 செ.மீ.தான் நிற்கும். அதில் விரல் நுழைத்து முடிய முடியாது. முடிந்தாலும் முடிச்சின் காதுகள், அதாவது வெளியே நீட்டும் நுனிகள், குட்டையாக, கஞ்சத்தனமாகத் தெரியும். 90 செ.மீ. துணியில் அதே கணக்கு போட்டால் முடிச்சுக்குப் பக்கத்துக்கு 23 செ.மீ. கிடைக்கும். தாராளம். ஆகவே முடிச்சு போட்டுக் கட்டுவதென்றால் 90, முடிச்சே இல்லாமல் மடித்துச் சுற்றுவதென்றால் 70 போதும். கல்யாணத்துக்கு எது பொருத்தம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

துணி ரகத்தில் பட்டு சிரிமென்தான் அரசி. முறுக்கேற்றிய இழையில் நெய்து, மேல்புறம் பொடிப்பொடியாகச் சுருங்கியிருக்கும். கியோட்டோவுக்கு வடக்கே கடலோரத் தாங்கோ பகுதியில் 1720 வாக்கிலிருந்து நெய்கிறார்கள். அந்தச் சுருக்கம் வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. முடிச்சு போட்டால் துணி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வழுக்காது. ஆனால் விலை அதிகம், தண்ணீர் பட்டால் சுருங்கும். பருத்தி உறுதியானது, துவைக்கலாம், தினசரிக்கு அதுதான். பாலியெஸ்டரிலும் சிரிமென் போலவே சுருக்கம் வைத்து நெய்கிறார்கள். பரிசுக்கு அது நல்ல நடுவழி. தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்தியதும் வருகிறது, அதில் தண்ணீரையே மொண்டு எடுத்துப் போகலாம். வாங்கக் கூடாதது ஒன்றுண்டு: சாட்டின் மாதிரி வழவழப்பான துணி. முடிச்சு நடுவழியில் அவிழும்.

இப்போது முடிச்சு. ஃபுரோஷிகியில் கற்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் மா-முசுபியைத்தான் சொல்வேன். இடது முனையை வலது முனைக்கு மேலே போட்டு, அடியில் நுழைத்து ஒரு முறை முடியுங்கள். மேலே போட்ட அந்த முனை இப்போது வலப்பக்கம் வந்திருக்கும். அதே முனையை மறுபடியும் மற்றதற்கு மேலே போட்டு, நுழைத்து, இறுக்குங்கள். இரண்டு முறையும் ஒரே முனைதான் மேலே வர வேண்டும். சரியாக வந்தால் முடிச்சின் இரண்டு காதுகளும் கட்டிய துணியின் போக்கிலேயே இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். தவறினால் ஒரு காது மேலும் ஒரு காது கீழுமாக நிற்கும். அந்த நிற்கும் முடிச்சை ஜப்பானில் தவிர்ப்பதற்குப் பார்வை மட்டும் காரணம் இல்லை. பாரம் ஏறினால் அது நழுவும், சில நேரம் இறுகிப்போய் அவிழ்க்கவும் வராது.

மா-முசுபி எவ்வளவு இறுகினாலும் நொடியில் அவிழும். ஒரு காதைப் பிடித்து, அது எந்தப் பக்கத்துத் துணியின் முனையோ அந்தத் துணியையும் பிடித்து, இரண்டையும் எதிரெதிராக ஒரு நேர்கோட்டில் இழுங்கள். அந்தத் துணி விறைத்து நேராகும். மற்றத் துணி அதன்மேல் வெறும் வளையமாகச் சுற்றியிருக்கும். வளையத்தைப் பிடித்து உருவினால் முடிந்தது. நகத்தால் நோண்ட வேண்டியதே இல்லை. பாரம் தாங்குவதும் உடனே அவிழ்வதும் ஒரே முடிச்சில் இருப்பதால்தான் வழக்குக் கட்டு முதல் தர்பூசணி வரை இதில் கட்ட முடிகிறது. வீட்டில் ஒரு கைத்துண்டை வைத்துக் கை தானாகச் செய்யும்வரை கட்டி அவிழ்த்துப் பழகிவிடுங்கள். மற்றக் கட்டுகள் எல்லாம் இதன் மேல் ஏறியவைதான்.

உங்கள் பெட்டிக்கு இரண்டு வழி. மரியாதை கூடியது ஹிராஸுட்சுமி, முடிச்சில்லாத சுற்று. துணியை ஒரு மூலை உங்களை நோக்கி இருக்கும்படி, நல்ல பக்கம் கீழே பார்க்க விரியுங்கள். பெட்டியை நடுவில் வைத்து, உங்கள் பக்கத்து மூலையை அதன்மேல் போர்த்துங்கள். அப்புறம் இடது மூலை, அதன்மேல் வலது மூலை. கடைசியாக எதிர்மூலையை உங்களை நோக்கிக் கொண்டுவந்து மேலே படிய விட்டு, நுனியை அடியில் செருகுங்கள். கடைசியாக வரும் மூலைதான் கண்ணில் படும். அதனால் துணியில் ஒரு மூலையில் மட்டும் பூவேலையோ சின்னமோ இருந்தால் அந்த மூலையை எதிர்ப்பக்கம் வையுங்கள். இடம், வலம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். நல்ல காரியத்துக்கு வலப்பக்கம் மேலே வர வேண்டும். இடப்பக்கம் மேலே வந்தால் அது துக்கத்துக்கான சுற்று. பார்க்கிறவர் வயதானவராக இருந்தால் கண்டிப்பாகக் கவனிப்பார்.

இன்னொன்று முடிச்சு போட்டது. உங்கள் பக்கத்து மூலையைப் போர்த்தி, எதிர்மூலையையும் அதன்மேல் போர்த்தி, மிச்சமிருக்கும் இடது வலது மூலைகளை நடுவில் மா-முசுபியாக முடியுங்கள். துணி தொளதொளவென்று நிற்காமல், பக்கங்களில் விழும் மடிப்புகளை விரலால் உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்திய பிறகே இறுக்க வேண்டும். தூக்கிக்கொண்டு ரயிலில் போகிறீர்கள் என்றால் இதுதான் வசதி. ஆனால் முடிச்சைக் கைப்பிடியாக்கி ஒரே கையில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போகாமல், அடியில் ஒரு கை கொடுத்துப் பிடித்தால் பார்க்கவும் மரியாதையாக இருக்கும்.

நீங்கள் கொடுக்கப் போவது கல்யாணத்துக்கு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியத் திருமண மண்டபத்துக்குப் பொருளாகப் பரிசு எடுத்துப் போவது வழக்கமில்லை. அங்கே வரவேற்பு மேசையில் பண உறைதான் கொடுப்பார்கள், அதையும் ஃபுகுசா என்ற சின்னத் துணியில் சுற்றி எடுத்துப் போய், துணியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பொருள் கொடுப்பதென்றால் திருமணத்துக்கு முன்பே ஒரு நாள் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுவது நல்லது. வாசலிலேயே நீட்டாமல், உள்ளே போய் உட்கார்ந்து, நலம் விசாரித்து முடித்த பிறகு, கட்டை அவிழ்த்து, துணியை உடனே மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை அவர் பக்கம் முகம் பார்க்கத் திருப்பி இரண்டு கையாலும் கொடுங்கள். துணி உங்களோடு திரும்பி வரும். வழியில் தூசியும் அழுக்கும் படாமல் பொருளைக் காத்ததோடு அதன் வேலை முடிந்தது என்பது பழைய முறை.

இப்போது துணியையும் பரிசோடு சேர்த்துக் கொடுப்பது நன்றாகவே பரவிவிட்டது. உங்கள் நண்பர் இளைஞர் என்றால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் துணியும் உங்களுக்குத்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கூடவே ஏதாவது ஒரு சின்னப் பொருளும் வைத்து உங்களுக்கே திருப்பி அனுப்பக்கூடும்.

நிறம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நல்ல காரியத்துக்கு. சாம்பல், அடர் நீலம் போன்ற மங்கிய நிறங்கள் துக்கத்துக்கு. ஊதா இரண்டுக்கும் ஆகும், அதனால் ஒன்றே ஒன்று வாங்குபவர்கள் ஊதா வாங்குவார்கள். கராகுசா என்று பச்சையில் வெள்ளைக் கொடி படரும் பழைய வடிவம் ஒன்று உண்டு. கொடி முடிவில்லாமல் படர்வதால் நீண்ட ஆயுள், வம்சம் தழைத்தல் என்று பொருள் கொண்டு அந்தக் காலத்தில் மணப்பெண்ணின் சீர்ப் பொருள்களை அதில் கட்டினார்கள். எல்லார் வீட்டிலும் அது இருந்ததால் கேலிச்சித்திரத் திருடன் முதுகிலும் அதே மூட்டைதான் என்று ஆகிவிட்டது. இன்றைய இளைஞர்களுக்கு அந்தத் திருடன்தான் முதலில் ஞாபகம் வருவான். கல்யாணப் பரிசுக்கு அந்தப் பச்சையைத் தவிர்த்து, அதே கொடி சிவப்பிலோ ஊதாவிலோ கிடைத்தால் எடுங்கள்.

கொடுத்த துணியை நண்பர் என்ன செய்வார் என்று யோசித்தால், 90 செ.மீ. துணியில் ஒரு நல்ல கைப்பை வரும். முக்கோணமாக, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, நீளப் பக்கத்தின் இரண்டு நுனியிலும் தனித்தனியாக ஒரு முடிச்சு போட்டு, உள்ளே வெளியே திருப்பினால் முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடும். மேலே மிஞ்சும் இரண்டு மூலைகளை மா-முசுபியாக முடிந்தால் கைப்பிடி. தர்பூசணிக்கு இன்னும் எளிது: அடுத்தடுத்த மூலைகளை இரண்டிரண்டாக முடிந்து, ஒரு வளையத்தை மற்றதற்குள் நுழைத்துத் தூக்க வேண்டியதுதான். 70 செ.மீ. துணியில் ஒரு பாட்டிலை நிறுத்தி, எதிரெதிர் மூலைகள் இரண்டை மூடிக்கு மேலே முடிந்து, மற்ற இரண்டைப் பின்னால் குறுக்காகச் சுற்றி முன்னால் முடிந்தால் பாட்டில் ஆடாமல் நிற்கும்.

கடைசியாக நம் ஊர்த் துணி. தாராளமாகச் செய்யலாம், அதற்கு வரலாற்றிலேயே இடம் இருக்கிறது. எடோ காலத்தில் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து அச்சடித்த பருத்தித் துணிகளை நாகசாகிக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானியர்கள் அவற்றை சராசா என்று அழைத்து, தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களுக்கு உறை தைக்கவும், அவற்றின் பெட்டிகளைச் சுற்றி வைக்கவும் போற்றிப் பயன்படுத்தினார்கள். சாந்தோம் பெயரால் சான்தொமே என்று அவர்கள் அழைத்த கோடு போட்ட பருத்தியும் அந்த வழியாகப் போனதுதான். உங்கள் நண்பரிடம் இதைச் சொன்னால் துணி அவருக்கு இன்னும் நெருக்கமாகும்.

என் தேர்வு மதுரைச் சுங்குடி. சிவப்பு அல்லது ஊதாவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கல்யாணத்துக்கும் ஆகும், துணியும் மெல்லியது, முடிச்சு நன்றாகப் பிடிக்கும். சேலையின் அகலம் 110 செ.மீ.க்கு மேல் இருக்கும், அதிலிருந்து அதே நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் இரண்டு பக்கம் நெசவு ஓரம் தானாகக் கிடைத்துவிடும், வெட்டிய இரண்டு பக்கத்தை மட்டும் மெல்லியதாக மடித்துத் தைத்தால் போதும். உங்கள் பெட்டிக்கு இந்த அளவு கொஞ்சம் பெரிது, முடிச்சுக் காதுகள் நீளமாகத் தொங்கும். 90-க்குக் குறைத்துக்கொள்ள நினைத்தால் பார்டரை இழக்க வேண்டிவரும், நாலு பக்கமும் தைக்க வேண்டும். எதுவானாலும் கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசிய பிறகு கட்டிப் பாருங்கள், விறைப்பான துணியில் மடிப்பு படியாது. சாயம் இறங்குகிறதா என்றும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். இறங்கினால் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, நிழலில் காயவைத்துக் கட்டுங்கள். ஒசாகாவின் கோடைப் புழுக்கத்தில் வியர்த்த கையால் தூக்கிப் போகும்போது பெட்டியின் வெள்ளைத் தாளில் சிவப்பு ஏறிவிடக் கூடாது.